எங்கள் அலுவலகத்தில் காலியாக இருக்கும் இடம்

அன்பு மகள் பெகாயிமுக்கு அம்மா எழுதுவது. இங்கே மனுஷரும் மந்தையும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் பனியோடு போகாமல் தங்கிவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தையல் மிஷின் முன்னால் குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது என்றாயே, அது இப்போது தேவலையா. ஷைர்குல் அக்கா நீ இருக்கும் கசானுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தோடு ஒரு பை காய்ந்த தயிருருண்டையும் அனுப்புகிறேன், இந்தத் தடவை உப்பு கொஞ்சம் தூக்கல். போனில் பேசலாம்தான். ஆனால் நீ கேட்ட விஷயத்தை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வீட்டுக்கு ஒரு அதிகாரி போதும், இவளும் திருட்டுப் பயலுங்க வீட்டுக் கதவத் தட்டிட்டுத் திரியணுமா" என்று ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் நன்னடத்தை அலுவலகத்தில் மனநல ஆலோசகர் இடம் காலியாக இருக்கிறதாமே, விண்ணப்பிக்கட்டுமா, அங்கே யார் யார் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். தப்புச் செய்தவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்து, அவன்மேல் ஒரு கண் வைத்து அவனுக்கு ஒரு கையும் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அனார்கான் அக்காவை உனக்குத் தெரியும், தீர்ப்புக்கு முன்னால் ஆளைப் பற்றி நீதிபதிக்கு அறிக்கை எழுதுவது அவள், அந்த ஆள் வெளியே இருந்தால் அவனைக் கண்காணிப்பதும் அவள்தான். மிர்சா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பொதுவேலைக்கு வருகிறவர்களைக் கால்வாய்க்கும் தெருவுக்கும் கூட்டிப் போவான். எனக்கும் என் பங்குக்கு ஆட்கள் உண்டு, அவர்கள் கையெழுத்துப் போட வந்தால் பேசுவேன், வராவிட்டால் வீடு தேடிப் போவேன், நாய்க்கடியும் பட்டிருக்கிறேன். குளிர்காலத்தில் ஒருத்தனை நானே திரும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பினேன், மறுபடி பெண்டாட்டி மேல் கை வைத்தான். அவனுக்காக மூன்று தரம் வீடு ஏறி இறங்கியவள் நான். இருந்தாலும் அனுப்பினேன். அதுவும் இந்த வேலையில் சேர்ந்ததுதான், தெரிந்துகொண்டு வா.

உன் சித்தப்பா ஜொல்தோஷ் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று அரைகுறையாகச் சொல்லியிருந்தேன், இப்போது முழுசாகச் சொல்கிறேன். போன இலையுதிர் காலத்தில் அவருடைய செம்பட்டைக் குதிரை, வீட்டுக்கே பால் கறந்த அந்தப் பெண்குதிரை, களவு போயிற்று. திருடினவன் அதே ஊர் துருஸ்பெக், கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை உள்ளவன். கறிக்கு விற்றுவிட்டான், பிடிபட்டதும் மறைக்கவும் இல்லை. வழக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்ததும், இது எங்கள் வீட்டு மிருகம், நான் தொடக் கூடாது என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன், அனார்கானிடம் போயிற்று. மறுநாளே சித்தப்பா ஒரு ஆட்டுத்தொடையோடு வாசலில் நிற்கிறார். "அண்ணி, இவன் திருந்தாத ஜென்மம்னு ஒரு வரி எழுதிடச் சொல்லுங்க, போதும்" என்றார். நான் எழுதவும் மாட்டேன் சொல்லவும் மாட்டேன் என்று தொடையைத் திருப்பிக் கொடுத்தேன். "நீங்க எங்க வீட்டு மருமகளா, திருடனுக்கு ஆத்தாளா" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், வசந்தப் பண்டிகைக்கும் நம் வீட்டுச் சோறு தொடவில்லை. அப்பா என்னோடு சண்டை போடவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார், அதுதான் அதிகம் வலித்தது.

அனார்கான் துருஸ்பெக் வீட்டுக்கும் போனாள், சித்தப்பா வீட்டுக்கும் போனாள், இரண்டு பக்கமும் கேட்டு எழுதினாள். நீதிபதி அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை, கண்காணிப்பும் பொதுவேலையும் என்று தீர்ப்பானது. மிர்சா அவனைப் போட்டது அவர்கள் ஊர்க் கால்வாயில். சித்தப்பா தினமும் அந்தக் கரை வழியாகத்தான் போவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பனிக்காலக் கடைசியில் துருஸ்பெக் ஒரு தடவை கையெழுத்துக்கு வராமல் எச்சரிக்கை வாங்கினான். இன்னொரு தடவை தவறினால் நீதிமன்றம், அங்கிருந்து நேரே ஜெயில்.

போன மாதம் அந்த இன்னொரு தடவை வந்தது. மே மாதத்தில் பனி கொட்டியதே, அந்த வாரம். கையெழுத்து நாளில் ஆள் இல்லை, வீட்டிலும் இல்லை, மண்வெட்டி கால்வாய்க் கரையில் கிடக்கிறது. "பழைய புத்தி, கணவாய் தாண்டி ஓடிட்டான்" என்று ஊரே சொல்லிவிட்டது. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அனார்கான் முன்னால் நின்றாள், அவளுக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றாள் அனார்கான். மறுநாள் அவள் நீதிமன்றத்துக்கு எழுத உட்கார்ந்த நேரத்தில் உன் சித்தப்பா உள்ளே வருகிறார், இடுப்பு வரை சேறு, உதடு வெடித்து. நான் பக்கத்து அறையில் இருந்தேன், நம் வீட்டு விவகாரம் என்பதால் எழுந்து போகவில்லை, காது மட்டும் அங்கே போயிற்று. மேலே மேய்ச்சலுக்கு ஓட்டிப் போன குதிரைகள் குட்டிகளோடு பள்ளத்தில் பனியில் மாட்டிக்கொண்டனவாம், இவர் ஒற்றை ஆள், போனும் எடுக்காத இடம். கீழே கால்வாயிலிருந்து துருஸ்பெக் ஏறி வந்திருக்கிறான். ராவும் பகலும் பனியை வெட்டி எல்லாவற்றையும் மேலே ஏற்றினார்களாம், ஒரு குட்டி மட்டும் தங்கவில்லை.

அனார்கான், அப்படியானால் அவனை மன்னித்துவிட்டீர்கள் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "மன்னிச்சேன்னு எழுதாதே. என் குதிரை போனது போனதுதான். அவன் எங்க இருந்தான்னு மட்டும் எழுது" என்றார் சித்தப்பா. அவள் அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள். தவறினதற்குத் தக்க காரணம் உண்டு என்று பதிவாயிற்று, விஷயம் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. சித்தப்பா போகும்போது என் அறைக் கதவருகே நின்று, "அண்ணன் கால் எப்பிடி இருக்கு" என்று மட்டும் கேட்டார். பரவாயில்லை என்றேன். வீட்டுக்கு இன்னும் வரவில்லை, வருவார்.

அன்று மத்தியானம் துருஸ்பெக் வந்தான், விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஏன் போனாய், அந்த மனுஷனுக்காகவா என்று அனார்கான் கேட்டாள். "குதிரைங்க கத்துறது கேட்டுச்சு" என்றான், அவ்வளவுதான். நான் கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஆறிப்போனது. அவனுக்குள் இன்னும் ஏதோ இருந்தது மகளே, தொண்டை வரை வந்து நின்றது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் கேள்வி கேட்டுப் பழகினவர்கள், பேசாமல் ஒருத்தன் எதிரில் இருக்கத் தெரியவில்லை. மிர்சா வானிலை பற்றி ஏதோ கேட்டான், துருஸ்பெக் எழுந்து போய்விட்டான். நீ கேட்ட காலி இடம் அதுதான்.

வா என்று சொல்ல எனக்கு ஆசை, ஆனால் அது பெற்றவள் ஆசை, அதை நம்பி மூட்டை கட்டாதே. சம்பளம் அங்கே வாங்குவதைவிடக் குறைவு, நன்றி சொல்கிறவர் அபூர்வம். அப்பா முணுமுணுப்பார், ஆனால் உன் அறை ஜன்னலைச் சுற்றி நேற்று தாமாகவே சுண்ணாம்பு அடித்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ எதை முடிவு செய்தாலும், நம் பெரியவர்கள் வாழ்த்துகிறபடி, உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், உன் தலை கல்லாக உறுதியாக நிற்கட்டும், கண்ணில் தூசி விழாதிருக்கட்டும். விண்ணப்பம் இந்த மாதக் கடைசி வரைதான் வாங்குவார்கள், அனுப்பினால் உன் மனநலப் படிப்புச் சான்றிதழ் நகலை மறக்காதே. கழுத்துக்குப் போய் டாக்டரைப் பார்.

உன்னை நெற்றியில் முத்தமிடும்
அம்மா புருல்
அட்-பாஷி