உறவினர் எவரேனும் உண்டா

9-1-1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எழுதுவாய், நம்ப மாட்டேன். முழங்கால் வலி இருக்கும், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒருமுறை இங்கே வந்து போ. என்னால்தான் வர முடியவில்லை, நீயாவது வரலாம் இல்லையா? சுற்றுலா விசா முப்பது நாளைக்குத் தருகிறார்கள். உன் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போட்டோ இரண்டு. பின்னால் வெள்ளைத் துணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை உனக்குச் சிரமமாக இருக்காது. போக வர டிக்கெட்டின் நகல், தங்கும் விடுதியின் ரசீது, உன் ஆபீஸிலிருந்து லீவுச் சான்று. தடுப்பூசி எதுவும் வேண்டாமாம், விசாரித்துவிட்டேன்.

ஷூ வாங்கிப் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகு. கம்பளிக் கோட்டு வாங்காதே, இங்கே நல்ல பழையது கிடைக்கும். எனக்கென்று ஒரு துரும்பும் கொண்டுவராதே.

அதே ஹோட்டல் சலவைக்கூடம்தான். தினம் நானூறு படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுகிறேன். பக்கத்தில் பேச ஆள் இல்லாததால் இஸ்திரி மெஷினோடு தமிழில் பேசுகிறேன். பதில் சொல்லாவிட்டாலும் அது புஸ்ஸென்று மூச்சாவது விடுகிறது.

உன் தம்பி


3-2-1993

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால் ஆபீஸில் குப்பை கொட்டுவதில் ஒரே லாபம், பையைக் கவிழ்க்கும்போதே உன் கையெழுத்தைப் பார்த்துவிடுவேன். எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, கவுண்டர் மூடும்வரை பிரிக்க மாட்டேன்.

போட்டோ எடுத்தாயிற்று. ஸ்டூடியோக்காரர், “கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார். “சிரிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு” என்றேன். “ரூல் போட்டவன் உங்களைப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பான்” என்று முணுமுணுத்தார். நீ சொல்லிக் கொடுத்து அனுப்பினாயோ என்று தோன்றியது.

படிவத்தை முதலில் பென்சிலில் நிரப்பிவிட்டேன். முப்பது வருஷமாக ஊர் ஜனங்களின் படிவங்களைத் தப்பென்று திருப்பிக் கொடுத்தவள், என் படிவம் திரும்பி வந்தால் மானம் போய்விடும். பதினேழாவது கேள்வியில் மட்டும் நின்றுவிட்டேன். ‘அந்நாட்டில் உறவினர் எவரேனும் உண்டா? இருப்பின் பெயர், முகவரி, விசா எண்.’ உன் பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டேன். விசா எண்ணை உடனே அனுப்பு.

அங்கே வந்ததும் உன் முதலாளியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அம்மாவின் காரியத்துக்குக்கூட நாலு நாள் லீவு கொடுக்காதவர் எப்படிப்பட்ட மனிதர் என்று. உன் அத்தானும் போனபின் இந்த வீட்டில் ஒரு டம்ளர்தான் கழுவுகிறேன். காலையில் அதே டம்ளர், சாயங்காலமும் அதே டம்ளர்.

அக்கா


21-2-1993

அக்கா,

பென்சிலில்தானே எழுதினாய்? அழித்துவிடு. பதினேழுக்கு ‘இல்லை’ என்று எழுது.

எனக்கு விசா எண் கிடையாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே முப்பது நாள் காகிதத்தில்தான் வந்தேன். முப்பத்தோராவது நாள் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் கதை. அடுத்த வருஷம் பேப்பர் கிடைத்துவிடும், சரியான பேப்பரோடு வந்து நிற்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போட்டேன். வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். முதலாளி நல்லவர். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவே இல்லை.

கோபம் வரும். திட்டி எழுது, படிக்கிறேன். ஆனால் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுது. ஏரி பார்க்க வருகிறேன், மியூசியம் பார்க்க வருகிறேன் என்று சொல். வேறு வழியில்லை.

தம்பி


16-3-1993

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் யாரோ தெரியாதவர் கடிதம் மாதிரி மேஜைமேல் போட்டு வைத்திருந்தேன். அம்மாவை எடுத்துப் போனபோது சித்தப்பா, “அவனுக்கு என்னம்மா, வெளிநாட்டு சுகம் கண்டவன்” என்றார். எல்லார் எதிரிலும் அவரோடு சண்டை போட்டேன். மனதுக்குள் மட்டும் அதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏழு வருஷமாக. அதை நினைத்துத்தான் அழுதேன். உன் பொய்க்காக இல்லை.

தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். “அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது?” “யாரும் இல்லீங்க.” நாக்கு குழறும் என்று பயந்தேன். தண்ணீர் குடிப்பது மாதிரி வந்துவிட்டது. உண்மை மாதிரியே இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விசா கிடைத்துவிட்டது. ஏப்ரல் பன்னிரண்டு, காலை ஒன்பது மணிக்கு இறங்குகிறேன்.

அக்கா


29-3-1993

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இறங்கியதும் கூட்டத்தோடு நட. ‘வெளிநாட்டவர்’ என்று போட்டிருக்கும் வரிசையில் நில், அதுதான் நீளமாக இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே. விடுதி ரசீதும் திரும்பும் டிக்கெட்டும் கையிலேயே இருக்கட்டும். சீல் குத்தியதும் அந்தப் பக்கத்தைப் பார், முப்பது என்று இருக்கிறதா என்று. வெளியே டாக்ஸிக்காரர்கள் மொய்ப்பார்கள், யாரோடும் போகாதே.

நான் உள்ளே வர முடியாது. வாசலுக்கு எதிரே சாலையைத் தாண்டி ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே நிற்பேன். அடையாளம் தெரியாவிட்டால் பயப்படாதே, நான் உன்னைக் கண்டுபிடித்துவிடுவேன்.

அறையில் உனக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். விரிப்புக்கு நானே இஸ்திரி போட்டேன். இத்தனை வருஷத்தில் தெரிந்தவருக்கென்று போட்ட முதல் விரிப்பு.

உன் தம்பி


14-4-1993

அக்கா,

ஒன்பது மணி விமானம் சரியான நேரத்துக்கு வந்தது என்று பஸ் டிரைவர் சொன்னார். கடைசி பஸ் போகும்வரை நின்றேன். ஒவ்வொரு புடவையாகப் பார்த்தேன். உள்ளே போய் விசாரிக்கத் தைரியம் வரவில்லை. மறுநாளும் போய் நின்றேன்.

நீ கிளம்பவே இல்லையா? கடைசி நேரத்தில் மனது மாறிவிட்டதா? மாறினால் தப்பில்லை. அம்மாவுக்குக் கொள்ளி போட வராதவனைப் பார்க்க யார் வருவார்கள்? ஒரு வரி மட்டும் எழுது. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும்.

தம்பி


2-5-1993

என் தம்பிக்கு,

வந்தேன். திரும்பியதும் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். உன் கடிதம் வந்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்ன வரிசையில்தான் நின்றேன். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். ஏரி, மியூசியம் எல்லாம் சொன்னேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே மூன்று சட்டை இருந்தது. நீ ஒன்றும் கொண்டுவராதே என்றாய். பதினாறு வருஷம் கழித்து வெறுங்கையோடு எப்படி வருவேன்? ஒரே நீலம், ஒரே துணி. தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். “ஏம்மா, ஒரே சட்டை, மூணு சைஸ்ல. யாருக்கு?” என்றாள்.

படிவத்தில் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்தம் இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை போட்டிருந்தேன். கடைக்குத் திருப்ப மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “தம்பிக்கு. அவன் அளவு எனக்குத் தெரியாது” என்றேன்.

பிறகு விலாசம் கேட்டார்கள். தெரியாது என்றேன். மாற்றி மாற்றிக் கேட்டார்கள். முப்பது வருஷமாக ஊரார் விலாசத்தையெல்லாம் மனப்பாடம் செய்தவள், கூடப் பிறந்தவன் விலாசம் தெரியாது என்று சாதித்துவிட்டேன். நீ பயப்பட வேண்டியதில்லை. ஒரு எழுத்துகூட என் வாயிலிருந்து அவர்களால் வாங்க முடியவில்லை. படிவத்தில் பொய் எழுதியதற்காக மாலை நாலு மணி விமானத்தில் திருப்பி ஏற்றிவிட்டார்கள். இனி ஐந்து வருஷம் நான் அங்கே வர முடியாது.

அதுவரை மாடியில் ஒரு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே ஒரு கண்ணாடி ஜன்னல். கீழே சாலை, எதிரே பஸ் நிறுத்தம்.

உன்னைப் பார்த்தேனடா.

முதலில் தெரியவில்லை. தலை நரைத்த ஆள் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அப்பாதான் நடக்கிறார் என்று நினைத்தேன். பஸ் வந்தால் விலகி நிற்பாய், போனதும் மறுபடி வாசலைப் பார்ப்பாய். ஒருமுறை பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ பொட்டலத்தைப் பிரித்தாய், சாப்பிடாமலே மடித்து வைத்துவிட்டாய். ஐந்து மணி நேரம் பார்த்தேன். ஜன்னலைத் தட்டியிருந்தால் நிமிர்ந்திருப்பாய். அந்தப் பெண் பக்கத்திலேயே இருந்தாள். “யாரைப் பாக்கறீங்க?” என்றாள். “யாரையும் இல்ல, பஸ் வருது போகுது, பாத்துட்டிருக்கேன்” என்றேன். தூதரகத்தில் தண்ணீராக வந்த பொய், அப்போது முள்ளாகக் குத்திக்கொண்டு வந்தது.

நடு சைஸ் உனக்குச் சரியாக இருக்கும். தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. சாப்பிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


20-5-1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். விரிப்பு ஒன்று கருகிவிட்டது. முதலாளி ஓடி வந்து, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, என் அக்கா வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றேன். அக்கா இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். நானாகவே அலுவலகத்துக்குப் போய் ஒப்புக்கொண்டால் இரண்டு மூன்று வாரம் ஒரு கட்டடத்தில் வைத்திருப்பார்களாம். அப்புறம் அவர்களே விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். “அதுக்கப்புறம் இந்த மண்ணை மிதிக்கவே முடியாது, புரியுதா?” என்று மூன்று தடவை கேட்டார். புரிகிறது என்று மூன்று தடவையும் சொன்னேன்.

நாற்பத்தாறு வயதில் அங்கே வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் திங்கட்கிழமை போகிறேன். கட்டிலைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

எந்த நாள் அனுப்புவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்களாம். அதனால் விமான நிலையத்துக்கு வந்து நிற்காதே. ஆபீஸுக்குப் போகும்போது மட்டும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. யார் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி வை.

உன் தம்பி