கை தட்ட விட்ட இடம்

என் செல்லத் தம்பி மாரிக்கு,

போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதும்போது நிம்மதியாக இரு, நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டுமாம். எனக்கு அது வராது. உன் பெயரைச் சொல்லி ஊரில் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன் கம்ப்யூட்டர் அதே மேசையில்தான் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வேனில் வந்து இறங்கியதும், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பேன். "செத்தவன் பெட்டியை இன்னும் எம்புட்டு நாளைக்குக்கா கட்டி அழுவீக?" என்று தெருவில் கேட்கிறார்கள். என் வீடு, என் கரண்டு பில், உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டேன். சரிதானே?

சிவகாசி பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் டிசைன் போட்டுக்கொண்டிருந்தபோது, மதுரையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையிலிருந்து அந்த சவுண்ட் கார்டை வாங்கி வந்தாய். அங்கே இருந்ததிலேயே மலிவானது அதுதானாம். எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டர் சொன்னால் போதும், கார்டு தானே வாத்தியமாக மாறி வாசிக்கும் என்றாய். வாசித்தது, கொசுவுக்குச் சளி பிடித்தது போல. நாதஸ்வரம் அதில் கிடையவே கிடையாது. ஏதோ இரண்டு குழல்களைக் கலந்து நீயே ஒன்றைச் செய்துகொண்டாய். அதை வைத்துத்தான் நம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கும்மி மெட்டுப் போட்டாய்.

அந்த கார்டால் ஒரே நேரத்தில் கொஞ்சம் சத்தங்களைத்தான் போட முடியும். "நம்ம கம்பெனி வேன் மாதிரிக்கா. சீட்டு நெறஞ்சிருச்சுன்னா, புதுசா ஒரு ஆள் ஏற, முதல்ல ஏறுன ஆளை எறக்கி விட்டுரும்" என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். வரி முடிகிற இடத்தில் மேளம் எல்லாம் மொத்தமாக வந்து விழும்போது, நீளமாக ஊதிக்கொண்டிருந்த குழல் சட்டென்று அறுந்துபோகும். நீ தலையில் அடித்துக்கொண்டு அதை அழிக்கப் போனாய். நான் பக்கத்தில் நின்று ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏலே, தொடாத. அங்கனதான் கை தட்டணும்" என்றேன்.

நீ திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதன் பிறகு ஒவ்வொரு வரியிலும் வேண்டுமென்றே மேளத்தைக் கூட்டி அந்த இடத்தை உண்டாக்கினாய். வருஷா வருஷம் நீ பெட்டியோடு மேடையில் உட்கார்ந்து போட, ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் தட்டினார்கள். அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம் என்று யாருக்குத் தெரியும்?

இந்த வருஷம் நீ இல்லாத முதல் பொங்கல். விழாக் கமிட்டி அண்ணாச்சி, மதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தன் மகன் சதீஷைக் கூட்டி வந்தார். "தம்பி மெட்டைப் புது மெஷின்ல போட்டா அம்சமா இருக்கும் தாயி, ஃபைலைக் குடு" என்றார். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். பாட்டு ஃபைலுக்குள் இருக்கிறது என்று நானும் நினைத்தேன். அதில் இருப்பது எந்தச் சுரம், எப்போது என்கிற கணக்கு மட்டும்தான், குழலை அறுப்பது உன் கார்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னபோது நான் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும்.

ஒத்திகைக்குக் கோயில் வாசலில் சதீஷ் அதைப் போட்டான். தேன் மாதிரி இருந்தது. ஒன்றும் அறுபடவில்லை, வரிக்கு வரி குழல் ஓடிக்கொண்டே இருந்தது. நம் கும்மிக்குத் தலைமை நிற்கும் பாப்பாத்தி மதினி தூக்கிய கை தூக்கியபடி நின்றாள். "எங்கன தட்டுறது?" என்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

"அது பழைய கார்டோட குறை அத்தை. சரி பண்ணிட்டேன்" என்றான் சதீஷ். நல்ல பிள்ளைதான். நான் கேட்டதும் அந்த இடத்தை வெட்டியும் பார்த்தான். மேளமும் சேர்ந்து நின்று, கரண்டு போனது போல ஆகிவிட்டது. அப்புறம், உன் பெட்டி வாசிப்பதை அப்படியே ரெக்கார்டு செய்து போடலாமா என்றான். கும்மி சூடு பிடிக்கப் பிடிக்க நீ கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டி வேகத்தைக் கூட்டுவாயே, ரெக்கார்டு அதை எப்படிச் செய்யும்? பெட்டியே வரட்டும் என்றேன்.

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "தம்பி ஞாபகம்னா வீட்டுல படத்துக்கு மாலை போடு தாயி. விழாவை எதுக்கு இழுக்க?"

"ஞாபகத்துக்கு இல்ல அண்ணாச்சி. எங்களுக்குக் கை தட்ட எடம் வேணும்."

"அதை யாரு இயக்குவா? மேடையில பொம்பளையாளா ஏறி உக்காரும்?"

"முளைப்பாரியைச் சுமக்குறது பொம்பளையாளுதான. நாங்க மேடையில உக்காந்தா மட்டும் ஆத்தா கோவிச்சுக்குவாளா?"

பாப்பாத்தி மதினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பெட்டி வராமல் எழுந்திருப்பதில்லை என்பது அண்ணாச்சிக்கும் புரிந்தது. சதீஷ்தான் கடைசியில் ஆட்டோவுக்குப் போன் செய்தான். பெட்டியை இறக்கி, வயரை மைக் செட்டில் மாட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

பொங்கலன்று உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன் மாரி. முதல் வரியில் அந்தக் குழல் அறுந்ததும் நூறு கைகள் ஒரே சத்தமாக விழுந்தன. நான் சாவியைத் தட்டத் தட்ட அவர்கள் வேகமெடுத்தார்கள். நீ இல்லாமலே எல்லாம் நடந்தது. அதுதான் எனக்கு அழுகை, அதுதான் எனக்குக் கர்வம். அழுதுகொண்டே வேகத்தைக் கூட்டினேன்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டு போகிறார். பார்க்கட்டுமே. அடுத்த வருஷமும் பெட்டி வரும், நான் மேடை ஏறுவேன். கார்டு பழசு, ஒரு நாள் ஊமையாகிவிடும் என்று சதீஷ் சொல்கிறான். ஆகட்டும். அன்றைக்கு உன் மெட்டை நாங்கள் வாயால் பாடுவோம், வரி முடிகிற இடத்தில் மூச்சை நிறுத்திக் கை தட்டுவோம். நான் இருக்கிறவரைக்கும் அந்த இடத்தை யாரும் நிரப்ப விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு சண்டை போட்டதை விட உனக்காகச் சண்டை போட்டதே அதிகமான,
உன் அக்கா செல்வராணி