எக்ஸ்ரே கவரில் இருந்த மூன்று கடிதங்கள்

ஆவடி
4-9-1988

அன்புள்ள மகள் பத்மாவுக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை மனோகரனும் சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் நீ சுகமாக இல்லை என்பது எனக்கு முந்தாநாள் வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது, அதனால் அதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதினால் அதுவும் பொய். இந்த வீட்டில் நாலு மாதமாகப் பேசிய பொய் போதும். இரண்டு நாளாக நான் அம்மாவோடு பேசவில்லை, அவள் உள்ளே பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள், நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடந்ததை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் என்மேல் கோபப்படு.

எனக்கு வயிறு சரியில்லை என்பது உனக்குத் தெரியாது. உனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், அந்தத் தப்பு என்னுடையது. மாசி மாதம் உங்கள் இருவரையும் சென்ட்ரலில் இட்டார்சிக்கு ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பினோமே, அன்றைக்கு ஆரம்பித்தது. வெளியே வந்ததும் தள்ளுவண்டியில் இரண்டு வடை தின்றேன், அதுதான் காரணம் என்று ஆறு மாதமாக அந்த வடையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டால் நெஞ்சுவரை எரிச்சல், சாப்பிடாவிட்டால் வயிற்றைப் பிசைகிறது, காலை ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் மூன்று தடவை கக்கூசுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஃபாக்டரியில் பக்கத்து மெஷின்காரன், அதுதான் வெள்ளானூர் வேம்புலி, இன்னா அண்ணாத்தே எப்பப் பாத்தாலும் வவுத்தப் புட்சிகினே கீறே, உள்ள இன்னாதான் கீது என்று தினம் கேட்பான். கேட்பதோடு விடாமல் இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர், வேப்பங்கொழுந்து என்று தினம் ஒரு வைத்தியமும் சொல்வான். அத்தனையும் குடித்தேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் எரிவது யார் வயிறு? புதிதாக வந்திருக்கும் பால்ராஜ் டாக்டர் படத்தை வைத்துவிட்டு, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டார். எனக்கு வயிற்றில்தான் வலி சார், மனசில் இல்லை என்று சொன்னேன். பரீட்சை அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வயிறு கலக்குகிறதே, அது எதைச் சாப்பிட்டதால் என்று திருப்பிக் கேட்டார், மனசு படுகிற பாட்டை வயிறுதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்றார். முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவனைப் பார்த்துப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது, எழுந்து வெளியே வந்துவிட்டேன். நான் மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது அவர் உன் அம்மாவைக் கூப்பிட்டு, இவர் மனசு நோகிற மாதிரி எதையும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று தெரிய வேண்டாமா.

உன் அம்மா பஞ்சவர்ணம் ஒன்றைப் பிடித்தால் எப்படிப் பிடிப்பாள் என்று உனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ரேடியோவில் செய்தி கிடையாது. கரண்ட் பில் என் கண்ணில் படாது. பக்கத்து குவார்ட்டர்ஸ் சுசீலா குழாயடியில் சண்டைக்கு வந்தாலும் இவள் பல்லைக் காட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கி வருகிறாள். வேம்புலியிடமும் சொல்லிவைத்திருக்கிறாள் போல, ஓவர்டைம் நிறுத்தப்போகிறார்களாமே என்று கேட்டால், அத்தெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ ஜாலியா இரு அண்ணாத்தே என்கிறான். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் புற்றுநோய், அதைத்தான் மறைக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் வயிறு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன் பத்மா, உன் கடிதத்தில் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் உன் அம்மா எதிரே உட்கார்ந்து கடிதத்தைப் படிப்பாள், நான் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். உன் அண்ணன் பட்டாளத்திலிருந்து எழுதிய காலத்திலிருந்து நம் வீட்டில் அப்படித்தான், உனக்கே தெரியும். மே மாதத்திலிருந்து உன் கடிதம் மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் அவள் இன்லண்டு லெட்டரைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு அதில் இல்லாததையெல்லாம் படித்திருக்கிறாள். இங்கே நல்ல வசதி, மாமியார் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார், ஹிந்தி நன்றாகப் பேச வருகிறது, நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று. நீ பிறந்ததிலிருந்து ஒரு குறையும் சொல்லாமல் நாலு வரி பேசியவள் இல்லை. உப்பு குறை, வெயில் குறை, நைனா பொடி போடுவது குறை. அப்படிப்பட்டவள் மூன்று கடிதம் குறையே இல்லாமல் எழுதினால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பொறாமைதான் வந்தது. அங்கே போய் எங்களை மறந்துவிட்டாள், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். பெற்ற மகள் சந்தோஷமாக இருப்பது ஒரு தகப்பனுக்கு வலிக்கலாமா, அதை யாரிடம் சொல்வேன். அது நேராக வயிற்றில்தான் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு கடிதம் கேட்ட அன்றும் பாதிச் சோற்றில் எழுந்தேன், அதைப் பார்த்துவிட்டு உன் அம்மா அடுத்த கடிதத்தில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி பால்ராஜ் டாக்டரிடம் போனோம். பழைய எக்ஸ்ரேவைக் காட்டுங்கள் என்றார். அந்தக் காக்கிக் கவரை நான் தொடவே மாட்டேன், எனக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காது, அது தெரிந்துதான் உன் அம்மா அதை ஒளித்துவைக்கிற இடமாக்கியிருக்கிறாள். டாக்டர் படத்தை உருவினார், கூடவே மூன்று இன்லண்டு லெட்டர் மேஜையில் விழுந்தது. உன் கையெழுத்து. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மூன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து மருந்து வாங்குகிற பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். வந்து மூன்று மாதமாகச் சோறு உள்ளே தங்கவில்லை, வயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வலிக்கிறது, அவர் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், நான் நடிக்கிறேன் என்று அத்தை சொல்கிறார், பேச ஒரு ஆள் இல்லை என்று முதலில் எழுதியிருக்கிறாய். ஒரு மாதம் அங்கே வந்து இருக்கிறேன், வந்து கூட்டிப்போங்கள் நைனா என்று இரண்டாவதில். இரண்டுக்கும் நான் பதில் எழுதியிருக்கிறேன், உன் சந்தோஷம் அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி என்று. மூன்றாவது கடிதத்தில் நீ மூன்றே வரிதான் எழுதியிருக்கிறாய். நைனா, உங்கள் கடிதம் கிடைத்தது. என் சந்தோஷம் அறிந்து மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். இனி நான் கேட்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் கத்திய கத்தலில் எதிர் வரிசைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். உன் அம்மா அழவில்லை, எதிர்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரு இன்னா சொன்னாரு, எதையும் உன் காதுல போடக் கூடாதுன்னு சொன்னாரு, நீ படற பாட்டுல இத்தையும் சொல்லி உனுக்கு இன்னான்னா ஆயிட்ச்சின்னா நான் ஒருத்தி இன்னா பண்ணுவேன் என்றாள். முதல் கடிதத்தைப் பார்த்து நீ முழுகாமல் இருக்கிறாயோ என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாளாம், இரண்டாவதில் அது இல்லை என்று தெரிந்ததும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாளாம். முதலில் நான் தேறட்டும், அப்புறம் உன்னைப் பார்க்கலாம் என்று வரிசை போட்டு வைத்திருக்கிறாள், ரேஷன் கடையா இது. இத்தனை மாதமாக அவளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதை நேற்றுதான் கவனித்தேன், வளையல் முழங்கைவரை ஏறுகிறது. இருந்தாலும் கோபம் ஆறவில்லை. நாளைக்கோ நாளன்றைக்கோ பேசுவேன்.

வருகிற 15ஆம் தேதி வியாழக்கிழமை ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பதினைந்து நாள் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது நீ என்னோடு வருகிறாய். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், அவர் உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனவர், வேண்டாம் என்று சொல்லமாட்டார். நான் வரும்வரை வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, முடிந்தபோது கஞ்சித் தண்ணியாவது குடி, தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே, பக்கத்து வீட்டுப் பெண்ணோடாவது உட்கார், பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை. மாமியாரோடு சண்டைக்குப் போகாதே.

உன் மாமியாரை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை, கேட்க எனக்கு வாயில்லை. நீ ஆறாவது படிக்கும்போது கணக்குப் பரீட்சை அன்று காலையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாய். நடிக்கிறாள் என்று முதலில் சொன்னவன் நான். முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனேன், பள்ளிக்கூட கேட்டில் வாந்தி எடுத்தாய், அப்போதும் சட்டையைப் பாழாக்கிவிட்டாய் என்றுதான் திட்டினேன். இத்தனை வருஷம் கழித்து என் வயிறு எரிந்த பிறகுதான் அது எனக்கு உறைக்கிறது. நீயும் நினைவு வைத்திருப்பாய்.

தெய்வம் உனக்குத் துணையிருக்க வேண்டும். தீர்க்காயுசாக இரு. தீபாவளி வரை இங்கே இருக்கிற மாதிரித் துணி எடுத்து வை. இங்கே வந்து நீ சாப்பிடு, சாப்பிடாமல் இரு, படுத்துக் கிட, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வலிக்கிறது என்று நீ சொன்னால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிக்கு
உன் நைனா
மு. கஜபதி