என் வண்டியை எ.க. கிளப்பிய விதம்

1968 நவம்பர் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. ரேஷனில் சர்க்கரை இல்லை, தீவுக்குக் கப்பல் வந்தால்தான் என்கிறார்கள். எந்தக் கப்பல், எப்போது என்று கேட்டால் பதில் கிடையாது.

பஜார் மேட்டில் வண்டி மறுபடி வழுக்கியது. திருப்பி நிறுத்தி ரிவர்ஸில் ஏற்றினேன். வழக்கமான சிரிப்பு. "அரே தேக்கோ, உல்டா மேம்சாப்!" தலைகீழ் மேம்சாப்பாம். சிரிக்கட்டும். இந்த வண்டிக்கு எஞ்சினும் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். நேராக ஏறினால் பாரமெல்லாம் பின்னால் சாய்ந்து முன் சக்கரம் சும்மா சுற்றும். ரிவர்ஸில் ஏறினால் பாரம் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்காரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. கடை வாசலில் நிற்கிற ஆண்களுக்கு வருஷம் பூரா மழை பெய்தாலும் புரியாது.

எ.க.வும் அங்கே நின்று சேர்ந்து சிரித்தாராம். மீரா சொன்னாள் (டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி, வங்காளிப் பெண்). எ.க. என்றால் என் கணவர். முழுதாக எழுதுகிற அளவுக்கு மரியாதை வரவில்லை.

நவம்பர் 13, புதன்

மதியம் டியூட்டி. எ.க.வின் மரக் கிடங்கிலிருந்து கால். பஷீர் பாயின் இரும்புக் கடைக்கு லைன் கொடுக்கச் சொன்னார். "ஹலோ ஆபரேட்டர்" என்கிறார்! என் குரல்கூடத் தெரியவில்லை. பதினோரு வருஷக் கல்யாணம்.

லைன் சேர்ந்ததா என்று பார்க்கக் காதில் வைத்தேன். எடுக்க மறந்தேன். சரி, மறக்கவில்லை.

"என் காருக்கு முன்னாடி உங்க ஜீப் நிக்காது பாய்."

"அது தங்கச்சி காருல்ல மச்சான்?"

"அவ காரு என் காரு எல்லாம் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை ஏரோப்ளேன் திடல்ல வச்சுக்குவோம். தோத்தா காரை நீங்க எடுத்துக்குங்க. ஜெயிச்சா ஜீப் எனக்கு."

"பேச்சு மாறக் கூடாது."

"ஆம்பள பேச்சு பாய்."

ஆம்பளையாம். வண்டி என் பேரில். ஊருக்குத் திரும்பிப் போன டாக்டரிடமிருந்து நான் சீட்டுப் போட்டு வாங்கியது. வாங்கிய அன்று "பொம்மை வண்டி, இதுல கோழி கூட உக்காராது" என்றவர் இவர்தான். இப்போது அந்தப் பொம்மையைத் தூக்கிப் பந்தயத்தில் வைக்கிறார்.

அப்படியே லைனில் நுழைந்து "செருப்பு பிஞ்சிடும்" என்று வாய் வரை வந்தது. முடியாது. எக்ஸ்சேஞ்சில் இரண்டு சட்டம். கம்பியில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது லைனை வெட்டக் கூடாது. போன வருஷம் ஒருத்தி யாருடைய கல்யாணப் பேச்சையோ வெளியே சொன்னாள், வேலை போயிற்று. நான் எட்டு வருஷத்தில் இரண்டையும் செய்ததில்லை.

என்ன செய்யலாம்:

சாவியை ஒளிப்பது. ஏன் என்பார். எங்கே கேட்டேன் என்று சொல்வது?

பாயிடம் போய்ப் பேசுவது. அதே கேள்வி.

எ.க.வை ஜெயிக்க வைப்பது. முருகா.

நவம்பர் 14, வியாழன்

ராத்திரி சாப்பாட்டில் தானாகவே ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பாயோடு "சும்மா ஒரு ஓட்டம், வேடிக்கைக்கு". டிபன் கட்டி, பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வரணுமாம். முகத்தில் ஒரு சின்ன அசைவு இல்லை. மீன் குழம்பை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

நானும் முகத்தை அசைக்காமல் சொன்னேன். "கிளம்பும்போது கிளட்சை டக்குனு விட்டுடாதீங்க. முன் சக்கரம் அங்கேயே சுத்தும். ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சிக்கிட்டு, கிளட்சைப் பாதி விட்டு, வண்டி இழுக்கப் பாக்கறப்போ பிரேக்கை விடணும்."

"லாரி ஓட்டினவனுக்கு நீ கிளட்ச் சொல்லித் தர்றியா?"

"லாரிக்குப் பின் சக்கரம் இழுக்குது. இதுக்கு முன் சக்கரம்."

"சக்கரம் சக்கரம்தான். மோர் இருக்கா?"

மோர் இல்லை என்றேன். இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

தலைவலி. மழை விட்டு விட்டு.

வேலை முடிந்து லம்பா லைனில் இருக்கிற வீட்டுக்கு வந்தால், வாசலில் அவருடைய லாரி டிரைவர் மாரியப்பன் என் வண்டி டிக்கியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறான். கடற்கரை மணல், ஈரம் சொட்டச் சொட்ட. எ.க. இடுப்பில் கை வைத்து மேற்பார்வை. கோவில் கட்டுகிறவர் மாதிரி.

இந்தத் தீவில் மரம் ஏற்றுகிற அத்தனை பேருக்கும் இந்த வைத்தியம் தெரியும். காட்டுச் சேற்றில் காலி லாரி சுற்றினால் பின்னால் மணல் மூட்டை போடு, பிடிக்கும். லாரிக்குப் பிடிக்கும். என் வண்டிக்கு மூக்கு மேலே தூக்கும்.

"அக்கா, இப்ப பாருங்க, அட்டை மாதிரி ஒட்டிக்கும்" என்றான் மாரியப்பன்.

"முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்குப் பின்னால ஏன்டா பாரம்?"

அவன் எ.க.வைப் பார்த்தான். எ.க. வானத்தைப் பார்த்தார். "எத்தனை லாரியைச் சேத்துலேர்ந்து எடுத்திருக்கேன் தெரியுமா?" எண்ண ஆரம்பித்தார். உள்ளே போய்விட்டேன்.

இந்த மனுஷன் தோற்கப் போகிறார். தோற்றால் போகப்போவது அவர் மூக்கு மட்டும் என்றால் தேங்காய் உடைத்திருப்பேன்.

நவம்பர் 16, சனி

டோபி வந்தான். தலையணை உறை ஒன்று குறைகிறது.

சாயங்காலம் வண்டியைத் துடைத்தேன். எதற்கு என்று தெரியாமல் துடைத்தேன். பஸ்ஸில் போக முடியாதா, முடியும். ஆனால் அந்த வண்டிக்குள் இருக்கும்போது என்னை யாரும் டீ கேட்பதில்லை. அது போய்விடும். கொஞ்சம் அழுதேன். மணல் மூட்டையிலிருந்து தண்ணீர் கசிந்து டிக்கி தரையெல்லாம் உப்பு. துருப் பிடிக்கும். அதற்கும் சேர்த்து அழுதேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் தூறல், அப்புறம் மேகம் மட்டும். இட்லி, மிளகாய்ப் பொடி, பிளாஸ்க்.

திடலில் இன்று விமானம் இல்லை. தீவில் நேராக இருக்கிற இடம் இது ஒன்றுதான். மற்ற ரோடெல்லாம் வளைவு. நடுவில் இரண்டு மாடு, மாரியப்பன் விரட்டினான். பஜார் கும்பல் முழுக்க ஆஜர். இங்கிருந்து காற்றுத் திசை காட்டும் பை கட்டிய கம்பம் வரைக்கும் ஓட்டம். மாரியப்பன் துண்டை வீசினால் கிளம்பணும்.

முதல் தடவை. துண்டு விழுந்தது. எ.க. எஞ்சினை அலற விட்டுக் கிளட்சை அப்படியே விட்டார். மூக்கு எழும்பியது, முன் சக்கரம் ஈரத்தில் நின்ற இடத்திலேயே சுற்றியது, எஞ்சின் அணைந்தது. ஜீப் பாதி தூரம் போய்விட்டது. பாய் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "இது கணக்குல வேணாம் மச்சான். மறுபடி வாங்க."

எ.க.வின் முடிவு என்ன? மணல் போதவில்லையாம். மாரியப்பனையும் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை.

இரண்டாவது தடவை பாய் கடைப் பையன்தான் துண்டை வீசினான். இன்னும் மோசம். புகை, கிளட்ச் தீய்ந்த நாற்றம். கும்பல் விசில். எ.க. இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார் (என் கதவு). "பொம்பள வண்டி! கெட்டுப் போன வண்டி!"

பாய் என்னிடம் வந்தார். முகத்தில் சங்கடம். "தங்கச்சி, மச்சான் தோத்தா கார் எனக்குன்னு பேச்சு. உங்களுக்குத் தெரியும்தானே?"

அப்பாடா. வாயால், பகலில், ஊர் முன்னால் சொல்லிவிட்டார். இனி நான் கேட்டது கம்பியில் இல்லை.

"இப்பதான் தெரியுது பாய். கார் என் பேர்ல இருக்கு. அதனால ஓட்டமும் என் பேர்ல ஒண்ணு இருக்கட்டும். அதுல தோத்தா சாவியை நானே தர்றேன்."

"நீ சும்மா இரு" என்றார் எ.க. டீ பிளாஸ்கை அவர் கையில் கொடுத்தேன்.

மாரியப்பனை இறக்கினேன். மணல் மூட்டையெல்லாம் இறக்கச் சொன்னேன், ஸ்டெப்னியையும். கொண்டை ஊசியால் முன் டயர் இரண்டிலும் கொஞ்சம் காற்று இறக்கினேன், தரையில் நன்றாகப் படியட்டும் என்று. "காத்தை வேற புடுங்குறா" என்று யாரோ. சிரிப்பு. சிரிக்கட்டும்.

ஹேண்ட் பிரேக் முழுக்க மேலே. அது பிடிப்பது பின் சக்கரத்தை மட்டும். முதல் கியர். ஆக்ஸிலேட்டர் அளவாக, அலறாமல். கிளட்சை மெல்ல விட விட ஓரிடத்தில் வண்டி கட்டிப்போட்ட நாய் மாதிரி முன்னே இழுத்தது. அங்கேயே காலை நிறுத்தினேன். பஜார் மேட்டில் லாரி நின்றால் அதன் பின்னால் தினம் செய்கிறதுதான், ஆனால் அங்கே பந்தயம் கிடையாது.

துண்டு விழுந்தது. பிரேக்கை விட்டேன். கிளட்சை இல்லை. அதை அப்புறம்தான், மெல்ல. சக்கரம் ஒரு தடவை கீச்சிட்டது, ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் தளர்த்தினேன், பிடித்துக்கொண்டது. ஜீப் பக்கத்தில் உறுமிக்கொண்டே வந்தது. இரண்டாவது கியரில் அதன் சத்தம் பின்னால் போய்விட்டது. கம்பத்தைத் தாண்டும்போது நான் கத்திக்கொண்டிருந்தேன், என்ன கத்தினேன் என்று தெரியாது.

பாய் ஜீப் சாவியை நீட்டினார். "வேணாம் பாய். எனக்குத்தான் கார் இருக்கே. இனிமே என் வீட்டு ஆளோட எந்தப் பந்தயத்துக்கும் வராதீங்க, அது போதும்." தலையில் கை வைத்து, "அல்லா மேல ஆணை, வர மாட்டேன்" என்றார்.

எ.க. வீடு வரைக்கும் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். இட்லி மட்டும் மீதியில்லை.

நவம்பர் 18, திங்கள்

வெயில்! மூன்று நாள் துணியும் காய்ந்தது. தலையணை உறை கிடைத்தது.

மேட்டில் சேறு அப்படியே இருக்கிறது. ரிவர்ஸில் ஏறினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தன் சலாம் வைத்தான். சிரிப்பே தேவலை.

மதியம் டியூட்டி. மரக் கிடங்கிலிருந்து கால். "ஹலோ ஆபரேட்டர்." ஹேடோ பகுதியில் ஒரு மரக் கான்ட்ராக்டருக்கு. கொடுத்தேன். காதிலிருந்து எடுக்கவில்லை.

"நான்தான் சார் ஓட்டினேன். கிளட்சையும் பிரேக்கையும் சேத்துப் புடிக்கணும், அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எல்லாருக்கும் வராது... ஜீப்பா? பாவம் பாய், பொழைச்சிப் போகட்டும்னு நான்தான் விட்டுட்டேன்... உங்க வண்டியைக் கொண்டாங்களேன் அடுத்த ஞாயித்துக்கிழமை. தோத்தா காரை நீங்க..."

பிளக்கைப் பிடுங்கினேன்.

மீரா திரும்பிப் பார்த்தாள். "க்யா ஹுவா தீதி?"

"லைன் கராப்" என்றேன், கெட்டுப் போனது லைன்தான் என்கிற மாதிரி.

மறுபடி கூப்பிடுகிறார். கூப்பிடட்டும்.