பத்தியம் இல்லாத மருந்து

புதுச்சத்திரம்
8-8-1941

அன்புள்ள மச்சானுக்கு,

மருதாசலம் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் பினாங்கிலிருந்து அனுப்பிய சீன மருந்துப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. சுருட்டிய பட்டையும், வெள்ளை வேரும், இலந்தை போல் சிவந்த பழமும் பார்த்து அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. நீங்கள் எழுதியபடி மண்சட்டியில் சுண்டக் காய்ச்சி இரண்டு வேளையும் கொடுக்கிறேன்.

உங்கள் தங்கை தேறவில்லை. குழந்தை போனபின் சௌந்திரத்துக்குப் பேச்சு குறைந்தது. இப்போது அதுவும் இல்லை. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். முந்தாநாள் கிணற்று மேட்டில் நின்றவளை நம் பண்ணையத்து ஆள் காத்தான் பிடித்து இழுத்து வந்தான்.

பத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் நிறுத்திவிட்டேன். யார் நிழலும் படக்கூடாதென்று உள்ளறையில் தனியாக வைத்திருக்கிறேன். இன்னும் எதை நிறுத்த வேண்டுமென்று மருந்து கொடுத்த சீன வைத்தியரைக் கேட்டு எழுதுங்கள். எனக்கு வழி தெரியவில்லை.

இப்படிக்கு,
மருதாசலம்


பினாங்கு
3-9-1941

மாப்பிள்ளைக்குச் செங்கோட்டையன் எழுதுவது.

உங்கள் கடிதம் கண்டதும் கிடங்கு வேலையைப் போட்டுவிட்டு வைத்தியரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த மலாயில் விவரம் சொன்னேன். கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்தியம் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. மருந்தென்றால் பத்தியம் உண்டு என்று நீங்களாகவே வைத்துவிட்டீர்கள். உங்கள்மேல் கோபம் வந்தது. அங்கிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

முதலில் அறைக் கதவைத் திறந்துவிடுங்கள். உப்பும் புளியுமாகச் சாப்பிடட்டும். கோழி அடித்து ரசம் வைத்துக் கொடுங்கள். தனியே சாப்பிட விடக்கூடாது, கூட ஒருவர் உட்கார வேண்டும். மருந்தில் பாதி அதுதான் என்கிறார் கிழவர். குழந்தை பேரைச் சொல்லி அழுதால் அழ விடுங்கள். இன்னும் கொஞ்சம் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். தையில் நானே வருகிறேன் என்று சௌந்திரத்திடம் சொல்லுங்கள்.

உங்கள்,
செங்கோட்டையன்


புதுச்சத்திரம்
20-1-1942

மச்சானுக்கு,

மலாயாவுக்குத் தபால் போகாதாம். வாங்க மறுத்துவிட்டார்கள். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நீங்கள் சொன்னபடி கதவைத் திறந்தேன். அம்மா முறைக்க முறைக்க அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பல நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் தலை நிமிர்ந்து, "கொளம்புல உப்புப் பத்தலீங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கார்த்திகையில் பருத்திக்காட்டுக்குக் களையெடுக்கவும் வந்தாள்.

மார்கழியில் பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சேதி வந்தது. மறைத்துப் பார்த்தேன். சந்தையிலிருந்து வந்த யாரோ சொல்லிவிட்டார்கள். மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மருந்தில் ஒரே பொட்டலம்தான் மிச்சம். இன்று அதைக் காய்ச்ச எடுத்தேன். எழுந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இது அண்ணனுக்குங்க. அத்தனையும் கண்ணால பாத்துட்டு வாரவங்களுக்கு மருந்து வேண்டாங்களா? உப்பும் புளியுமா நாந்தான் ஆக்கிப் போடோணும். கூட உக்காரோணும்."

அதைச் சேலை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டாள். தை பிறந்துவிட்டது. நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்கக்கூட எனக்கு ஆளில்லை. அந்தப் பொட்டலம் பெட்டியில் இருக்கும்வரை அவள் கிணற்றுப் பக்கம் போகமாட்டாள் என்று நினைக்கிறேன். எப்படியாவது உயிரோடு இருங்கள், மச்சான்.

மருதாசலம்