கொற்கையில் காற்று 20.9

பதிவு 1
காலை 7.40. கேபின் ஆக்சிஜன் 20.9. தொட்டி 81 சதவீதம்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். நான் இசக்கியம்மாள். வயது பதினேழு. கொற்கை நிலையத்து வண்டிப் பட்டறையில் பயிற்சி மெக்கானிக். ஊரில் வாரத்துக்கு ஒரு செவ்வாய்தான். நான் வந்து மாட்டிக்கொண்ட இடத்தில் எல்லா நாளும் செவ்வாய்.

வண்டியின் பெயர் புயல். வேகம் தென்றல். துளையிடும் இயந்திரத்தைச் சரிபார்க்க நானும் டிரைவர் சுடலைக்கண்ணு அண்ணாச்சியும் போனோம். இயந்திரம் சரியாகிவிட்டது, அண்ணாச்சியின் கால் ஒடிந்துவிட்டது. அவருக்கு வலி ஊசி போட்டுப் பின்படுக்கையில் கிடத்திவிட்டு நான் ஓட்டிவருகிறேன். நாளைக் காலை கொற்கையில் இருப்போம். அங்கே டாக்டர் இருக்கிறார். குறட்டையில் எது அண்ணாச்சி, எது எஞ்சின் என்று எனக்கே குழப்பம்.

பதிவு 2
காலை 10.15. கேபின் ஆக்சிஜன் 20.9. தொட்டி 68.

மூன்று மணி நேரத்துக்குள் பதின்மூன்று சதவீதம் போய்விட்டது. ஐந்துதான் போயிருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: ஊரில் கார் வெளிக்காற்றை உறிஞ்சி ஓடும். இங்கே உறிஞ்ச வெளியே ஆக்சிஜன் இல்லை. அதனால் புயல் மீத்தேனோடு தொட்டி ஆக்சிஜனைக் கலந்து எரிக்கிறது. நாங்கள் சுவாசிப்பதும் அதே தொட்டியிலிருந்துதான். ஒரே பானை, இரண்டு அகப்பை.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று டாஷ்போர்டைத் தடவினேன். எரிந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஆயுத பூஜைக்கு யாரோ அதன் மேலேயே பெரிய குங்குமப் பொட்டாக வைத்துவிட்டார்கள். சிவப்பு மேல் சிவப்பு. பக்தி முற்றினால் பார்வை போய்விடும் போல.

கொற்கையைக் கூப்பிட்டேன். ரேடியோவில் மஹ்மூதா அக்கா.

"என்ன புள்ள, காலையிலயே?"
"எஞ்சின் ஆக்சிஜனைப் பீப்பாய் பீப்பாயா குடிக்குக்கா."
"நீ எதையாவது நோண்டியிருப்ப. போன மாசம் மேலாளர் தலைக்கவசத்துக்குள்ள மிளகாய்ப் பொடி போட்டவதான நீ?" ஒரு நீண்ட கொட்டாவி. "காத்து அளவைப் பாரு முதல்ல."

பதிவு 3
காலை 11.30. கேபின் ஆக்சிஜன் 20.9. தொட்டி 63.

வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சின் அறைக்குள் போனேன். நல்லவேளை, உள்ளிருந்தே கதவு உண்டு.

காற்றோட்டம் அளக்கும் சென்சார் என்பது குழாய்க்குள் ஒரு சூடான மெல்லிய கம்பி. அதைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறதோ அதை வைத்து எவ்வளவு பாய்கிறது என்று கணக்கிடும். என் கம்பியில் வெள்ளைப் பூச்சு. தொட்டு மோந்து பார்த்தேன். திருநீறு! பூஜையன்று கழற்றிவைத்திருந்த காற்றுக் குழாயின் வாயில் மூன்று பட்டை அடித்தது ஞாபகம் வந்தது. உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது. கம்பி போர்வை போர்த்திக்கொண்டதால் காற்று ஓடுவதை நடப்பதாக நினைக்கிறது. பத்தவில்லை, இன்னும் ஊற்று என்கிறது கம்ப்யூட்டர்.

துடைத்து மாட்டினேன். சுளுவான வேலை. ஆனாலும் மூச்சு வாங்குகிறது. எந்தக் கடையில் வாங்குகிறதோ தெரியவில்லை.

பதிவு 4
மதியம் 1.50. கேபின் ஆக்சிஜன் 20.9. தொட்டி 49.

சரியாகவில்லை. காற்றோட்ட எண் இப்போது உண்மையைச் சொல்கிறது, அந்த உண்மை பயங்கரமாக இருக்கிறது. எஞ்சினுக்குள் தேவைக்கு மூன்று மடங்கு ஆக்சிஜன் போகிறது. எரியாமல் புகைக்குழாய் வழியாக வெளியே கொட்டுகிறது. செவ்வாய்க்குச் செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் என்ன செய்கிறது? மிச்சத்தை மோந்து பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. திரையில் அதன் கோட்டை வரவழைத்தேன். நல்ல சென்சாரின் கோடு துள்ளும். கூட, குறைய, கூட, குறைய. இது ஒரே நேர்கோடு. 'பத்தவில்லை' என்ற இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது.

கழற்றினேன். முனையில் கண்ணாடி மாதிரி ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் வரவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் வண்டிகளுக்குச் சிலிக்கோன் பளபளப்பு ஸ்பிரே அடித்தோம். மிச்சம் வைக்காமல் நாலு டப்பா. பட்டறை ஷெட்டே மணந்தது, எல்லோருக்கும் தும்மல். கையேட்டில் தேடினேன். சின்ன எழுத்தில் இருக்கிறது: சிலிக்கோன் ஆவி சூடான சென்சாரில் பட்டால் கண்ணாடியாகப் படியும், அதன்பின் சென்சார் எதையும் உணராது.

சென்ஸ் இல்லாத சென்சார் என்று மேலாளரைச் சொல்வேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தலை வலிக்கிறது.

பதிவு 5
மதியம் 2.30. கேபின் ஆக்சிஜன் 20.9.

அண்ணாச்சியின் குறட்டை நின்று கொஞ்ச நேரமாகிறது. நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன்.

உலுக்கினேன். கண் திறக்கவில்லை. உதடு கத்தரிக்காய் நிறம்.

மேலே திரும்பிப் போய் என் பதிவுகளைப் பாருங்கள். 20.9. 20.9. 20.9. நான் வண்டி ஓட்டினேன், வேலை செய்தேன், எஞ்சின் அறைக் கதவைத் திறந்து மூடினேன். ஒரு புள்ளிகூட அசையவில்லை. கேபின் சென்சாரும் அதே ஷெட்டில்தான் அன்றைக்கு இருந்தது.

இதுவும் நேர்கோடு.

அதைக் கழற்றி வாயருகே வைத்து ஊதினேன். மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் குறைவு, எண் விழ வேண்டும். 20.9. சோதனைக்கு வெளிக்காற்றை எடுக்கும் குழாயில் சொருகினேன். அதாவது செவ்வாயின் காற்றில். 20.9.

பூஜைப் பையில் மிச்சச் சூடம் இருந்தது. தீப்பெட்டியும். கொளுத்தினேன். குச்சியின் தலை சீறியது, சுடர் பிடிக்கவில்லை. இன்னொன்று. சூடத்தின் மேல் நீலமாக ஒரு துளி நின்றது, அவிந்தது.

இந்த வண்டியில் பொய் சொல்லாத சென்சார் இது ஒன்றுதான்.

பதிவு 6
மதியம் 3 இருக்கும். சூடம்: சின்னச் சுடர்.

எஞ்சினை நிறுத்திவிட்டேன். கேபினுக்கான கை வால்வைத் திருகித் திறந்தேன். தானாகத் திறக்க வேண்டிய வால்வு இவ்வளவு நேரம் மூடியே கிடந்திருக்கிறது. 20.9 இருக்கும்போது எதற்குத் திறக்கப் போகிறது? உடுப்பின் சிலிண்டர் முகமூடியை அண்ணாச்சிக்கு மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்தது, பிறகு சிவந்தது.

"ஏட்டி இசக்கி... ஊரு வந்துட்டா?"
"இல்ல அண்ணாச்சி. நீங்கதான் ஊருக்குப் போய்ட்டு வந்தீய."

அழுகை வந்தது. எழுத்தில் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

எஞ்சினை ஓட்டினால் தொட்டி பாதி வழியில் தீரும். ஓட்டாவிட்டால் இரண்டு பேருக்கு ஒரு நாள் காற்று உண்டு. ஆகவே கொற்கையிலிருந்து யாராவது வர வேண்டும்.

"மஹ்மூதாக்கா, கேபின்ல காத்து இல்ல. சென்சார் பொய். வண்டி அனுப்புங்க."
"இங்க உன் வண்டி அளவு வருதே புள்ள. இருபது புள்ளி ஒம்பது. சோக்காத்தான் இருக்கு." கொட்டாவி. "மேலாளரு தூங்குறாரு. இதுக்குப்போய் எழுப்பினா என்னையக் கடிச்சுத் தின்னுருவாரு. விளையாடாம ஓட்டிட்டு வா."

எண்ணை நம்புவார்கள். என்னை நம்ப மாட்டார்கள்.

சரி. கேபின் சென்சாரின் ஒயரைப் பிடுங்கி இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைக் கட்டினேன். எரியும் எச்சரிக்கை விளக்கை அணைத்து முதலாளியை ஏமாற்ற எல்லாப் பட்டறையிலும் செய்யும் வேலைதான். நான் தலைகீழாகச் செய்தேன். திரையில் 9.0. கொற்கையில் அபாயச் சங்கு அலறியது, ரேடியோவில் எனக்கே கேட்டது. என் வாழ்நாளில் செய்த சிறந்த குறும்பு: பொய் எண்ணைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

"யா அல்லா! ஒம்பதா? வர்றோம் புள்ள, இந்தா எல்லாரையும் எழுப்புறேன்!"

பதிவு 7
மாலை 4.20. சூடம்: நிமிர்ந்து எரிகிறது.

யாரும் கிளம்பவில்லை.

"என்னக்கா ஆச்சு?"
"எழுப்புறேன் புள்ள... எந்திரிக்க மாட்டேங்காங்க. டாக்டரம்மாவ ரெண்டு அடி கூட வச்சேன். சிரிக்காங்க, திரும்பிப் படுத்துக்கிடுதாங்க. நாலு நாளா எல்லாருக்கும் ஒரே அசதி. பூஜைல தின்ன சுண்டலு மந்தமோ என்னமோ."

ஷெட்டின் காற்றும் நிலையத்தின் காற்றும் ஒரே குழாயில் சுற்றுகின்றன. அன்றைக்கு எல்லோருக்கும் தும்மல். காலையிலிருந்து அக்காவின் கொட்டாவியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சிரித்துவேறு தொலைத்தேன்.

"அக்கா, நிலையத்துக் காத்து எவ்வளவு காட்டுது?"
"அதெல்லாம் நல்லாருக்கு. இருபது புள்ளி ஒம்பது."

"அக்கா! கிழக்குச் சுவத்துல செவப்புப் பிடி வச்ச ஆக்சிஜன் வால்வு இருக்குல்ல, ஓடிப் போய்த் திறங்க!"
"நீயும் ஒன் வெளையாட்டும்... ஒக்காந்துட்டேன் புள்ள. அப்புறமாப் போறேன்."
"சத்தியமா வெளையாட்டு இல்ல. ஒரு தீக்குச்சி கொளுத்துங்க. ஒண்ணே ஒண்ணு. எனக்காக."

பெட்டி திறக்கும் சத்தம். உரசும் சத்தம். மறுபடியும் உரசும் சத்தம்.

"பத்துது, ஒடனே அவிஞ்சிருது." மெதுவாக, குழந்தை மாதிரி சிரித்தாள். "தீப்பெட்டி நமத்துப் போச்சு போல."

பதிவு 8
வெளிச்சம் இறங்குகிறது. சூடம்: தீர்ந்துவிட்டது.

செவ்வாயில் எதுவும் நமத்துப்போகாது. ஈரமே கிடையாது.

தூங்கவிடக் கூடாதென்று பேசிக்கொண்டே இருந்தேன். தெரிந்த கடி ஜோக்கெல்லாம் சொன்னேன். மிளகாய்ப் பொடி போட்டது நான்தான் என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு ம் என்றாள். பிறகு ம் மட்டும் நேரம் கழித்து வந்தது. அண்ணாச்சி படுக்கையிலிருந்து மைக்கைப் பிடுங்கித் தொண்டை கிழியக் கத்தினார். "ஏ தாயி மஹ்மூதா, எந்திரி தாயி, அந்த வால்வத் திறந்துட்டுப் படு!"

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. எழுந்தாளா, சரிந்தாளா, தெரியவில்லை.

எஞ்சின் சென்சாரின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். கலவை வால்வைக் கையில் பிடித்து ஆக்சிஜனைக் குறைத்தபடி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு ஓட்டப் போகிறேன். காற்று பத்தலாம், பத்தாமலும் போகலாம். அங்கே பதினோரு பேர்.

அண்ணாச்சி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் சொல்வது நிலையத்தின் கம்ப்யூட்டர் மட்டும், தானாக, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை:

"கொற்கை நிலையம். காற்று 20.9. அனைவரும் நலம்."

"கொற்கை நிலையம். காற்று 20.9. அனைவரும் நலம்."

"கொற்கை நிலையம். காற்று