ஜியோகேச் சுருளும் கத்தரியும்

என்னங்க,

கிளாஸ் முடிந்து வர எட்டு மணியாகும். மீமிசல் மீன்குழம்பு சட்டியில் இருக்கிறது.

ஆவுடையார்கோவில் பாலத்துக் கம்பியில் ஜியோகேச் தேடல் விளையாட்டுக்காக நான் ஒளித்துவைக்கும் விரல்நுனி அளவு டப்பாவுக்குள், காயவைத்த காகிதச் சுருளைத் திரும்பப் போடச் சொன்னேன். நுழையவில்லை என்று ஒரு துண்டை வெட்டிவிட்டீர்கள்! டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் சுருளில் போட்ட ஏழு கையெழுத்து அந்தத் துண்டோடு போய்விட்டது. கேட்டால், "கொஞ்சூண்டு பேப்பருதானே, விடு புள்ள" என்கிறீர்கள். ஊசியில் இறுக்கிச் சுற்றினால் நுழையும் என்று மூன்று தடவை சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லையோ? இல்லை, நன்றாகத்தான் சொன்னேன்.

வனிதா

வெட்டிய துண்டைக் குப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அதில் முதல் கையெழுத்து உங்களுடையது. அந்த டப்பாவைத் தேடி வந்த அன்றுதான் என்னிடம் முதன்முதலாகப் பேசினீர்கள். அதைக்கூடப் பார்க்காமலா வெட்டினீர்கள்? நான் வருவதற்குள் நீங்களே ஒட்டி வையுங்கள்.